மேகாலயாவைக் காரில் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுகாத்தியில் வண்டி எடுத்து, ஷில்லாங், சிரபுஞ்சி, டாவ்கி, ஜோவாய் என்று ஒரு வட்டமடித்து மறுபடியும் கவுகாத்திக்கே வந்து சேரும் பயணம் இது. மேகாலயா போகிறோம் என்று கிளம்பும் நண்பர்களும் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பயண ஏற்பாட்டாளர்களின் அட்டவணையில் "ஐந்து நாள், பதினெட்டு இடம்" என்று போட்டிருப்பார்கள். அதை நம்பிப் போனால் காரின் முன்சீட்டு முதுகைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சின்ன மாநிலம்தானே, மூன்று நான்கு நாள் போதாதா?

பரப்பளவு 22,429 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. வரைபடத்தில் பார்த்தால் எல்லா ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் தெற்கு மேகாலயா என்பது ஆழமான பள்ளத்தாக்குகளால் வெட்டுப்பட்ட பீடபூமி. ஒவ்வொரு மலை முதுகின் மீதும் ஒரு சாலை தெற்கே இறங்குகிறது. ஒரு முதுகிலிருந்து அடுத்த முதுகுக்கு நேராகக் குறுக்கே போக வழி கிடையாது. சிரபுஞ்சியிலிருந்து டாவ்கி போக வேண்டுமென்றால், வந்த வழியே வடக்கே ஏறி உம்டிங்கார் சந்திப்புக்கு வந்து, அங்கிருந்து வேறு சாலை பிடித்துப் பைனுர்ஸ்லா வழியாக மறுபடி இறங்க வேண்டும்.

இந்தச் சாலைகளில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். முழு வட்டமும் ஐந்நூறு கிலோமீட்டரைச் சுற்றித்தான் வரும். ஆனாலும் ஆறேழு இரவு ஒதுக்குங்கள். ஐந்து இரவுதான் கிடைக்கும் என்றால் ஜோவாயைச் சுற்றியுள்ள ஜெயின்டியா மலைப் பக்கத்தை விட்டுவிடலாம். அதற்கும் குறைவென்றால் சிரபுஞ்சி மட்டும் போய் வாருங்கள், அதுவே நிறைவாக இருக்கும்.

இன்னொன்று, நம் ஊர்க் கணக்கில் மாலையை எண்ணிவிடாதீர்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஷில்லாங்கில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஐந்தே காலுக்கு அருவி பார்க்கப் போனால் சத்தம் மட்டும்தான் கேட்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மூன்றரைக்குள் அன்றைய சுற்றை முடித்துக்கொள்வதுதான் அங்கே சரிப்படும்.

எந்த மாதம் போகலாம்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அருவிகளுக்கு மழை வேண்டும். டாவ்கி ஆறு கண்ணாடி போலத் தெரிய மழை இருக்கக் கூடாது. ஜூலையில் போனால் அருவிகள் ஆர்ப்பரிக்கும், ஆனால் பாதி நாள் மூடுபனியில் எதிரில் நிற்கும் ஆளே தெரியாது. ஆறும் கலங்கி ஓடும். பிப்ரவரியில் வானம் சுத்தமாக இருக்கும், ஆறு பச்சைக் கண்ணாடியாக இருக்கும், ஆனால் நோகலிகாய் அருவி நூல் போல மெலிந்திருக்கும்.

இரண்டும் ஓரளவுக்குச் சேர்ந்து கிடைப்பது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரை. நவம்பரில் ஷில்லாங்கில் செர்ரி மரங்களும் பூக்கும். பிள்ளைகளின் கோடை விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர்கள் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் போகலாம். பிற்பகல் மழையும் இடியும் இருக்கும். காலை வேளை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் வாரத்தை மட்டும் தவிர்ப்பது நல்லது. மாநிலத்தின் பெரும்பான்மை மக்கள் கிறிஸ்தவர்கள், அது அவர்கள் வீட்டில் இருக்கும் வாரம். கடைகள் மூடியிருக்கும், தங்குமிடங்களோ நிரம்பி வழியும்.

எப்படிப் போய்ச் சேர்வது?

சென்னையிலிருந்து கவுகாத்திக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஷில்லாங்குக்கு அருகே உம்ரோயில் விமான நிலையம் உண்டு, ஆனால் சிறிய விமானங்கள்தான் வரும், மேகம் சூழ்ந்தால் ரத்தாகவும் செய்யும். ரயிலில் போக ஆசை என்றால் கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, சேலம் வழியாகக் கவுகாத்தி போகிறது. நாட்டின் மிக நீண்ட ரயில் பயணம் அது, 4,000 கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு தரம் அனுபவிக்கலாம். திரும்பவும் அதிலேயே வருவதற்குத் தனி மனத்திடம் வேண்டும்.

வழியை நாள் வாரியாகச் சொல்ல முடியுமா?

முதல் நாள் கவுகாத்தியிலிருந்து ஷில்லாங், நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல். ஜோராபாட்டில் திரும்பியதும் நல்ல நான்கு வழிச் சாலை. ஷில்லாங்குக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்னால் உமியம் ஏரி வலப்பக்கம் விரியும். மின்சாரத்துக்காக 1960-களில் அணை கட்டித் தேக்கிய நீர் அது, இயற்கை ஏரி அல்ல. ஆனாலும் மாலை வெயிலில் நின்று பார்க்கத் தகுந்தது. ஷில்லாங் நகருக்குள் நுழைந்தால் போக்குவரத்து நெரிசல் நம் ஊட்டி மே மாத நெரிசலைச் சாதாரணமாக்கிவிடும். ஓர் இரவு தங்கி, போலீஸ் பஜாரில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இரண்டாம் நாள் காலை மாவ்ஃப்லாங் காடு, பிற்பகல் சிரபுஞ்சி. ஷில்லாங்கிலிருந்து சிரபுஞ்சி 54 கிலோமீட்டர்தான். வழியில் மாவ்க்டாக் பாலத்தருகே சாலை திடீரென்று பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்துவிடும், அங்கே நிறுத்தாமல் யாரும் போவதில்லை. சிரபுஞ்சியில் மூன்று இரவு. அதில் ஒரு முழு நாள் வேர்ப்பாலத்துக்கு, இன்னொரு நாள் அருவிகளுக்கும் குகைகளுக்கும். ஐந்தாம் நாள் உம்டிங்கார், பைனுர்ஸ்லா வழியாக மாவ்லின்னாங் பார்த்துவிட்டு டாவ்கி அல்லது ஷ்னோங்டெங். ஆறாம் நாள் காலை படகு, பிற்பகல் அம்லாரெம் சாலையில் கிராங் சூரி அருவி, இரவு ஜோவாய். அடுத்த நாள் நார்டியாங் நெடுங்கற்களைப் பார்த்துவிட்டுக் கவுகாத்தி.

திரும்பும்போது ஷில்லாங் ஊருக்குள் போகாதீர்கள். ஜோவாய் சாலையில் மாவ்ரிங்க்னெங் அருகே புறவழிச்சாலை பிரிந்து நேராக உமியம் பக்கம் கொண்டுபோய் விடும். கடைசி நாளில் விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு இந்த ஒரு சாலையே பாதி நிம்மதி.

நானே ஓட்டலாமா, டிரைவர் வைத்துக்கொள்ளலாமா?

கொடைக்கானல், வால்பாறைச் சாலைகளில் ஓட்டிப் பழகியவர் என்றால் தாராளமாக ஓட்டலாம். வளைவுகள் அவ்வளவு பயங்கரம் இல்லை. பயப்பட வேண்டியது மூடுபனிக்குத்தான். சிரபுஞ்சிச் சாலையில் பட்டப்பகலில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போகும். விளக்கைத் தாழ்வாகப் போட்டுக்கொண்டு சாலையோர வெள்ளைக் கோட்டைப் பிடித்து ஊர வேண்டியிருக்கும். டாவ்கி சாலையில் அகலப்படுத்தும் வேலை நடக்கும் பகுதிகளில் சேறும் காத்திருப்பும் உண்டு. ஜோவாய் சாலையோ சில்சர், மிசோரம், திரிபுரா போகும் லாரிகளின் ராஜபாட்டை.

குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது உள்ளூர் டிரைவர். மேகாலயா பதிவெண் வண்டியாகப் பார்த்து எடுங்கள். வெளிமாநில வாடகை வண்டிகள் சுற்றுலா இடங்களுக்குள் வருவது பற்றி உள்ளூர் ஓட்டுநர்களுக்கு மனத்தாங்கல் உண்டு, அதற்கு நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம். உள்ளூர்க்காரர் என்றால் எந்தக் கடையில் சோறு சூடாக இருக்கும், எந்த அருவியில் இப்போது தண்ணீர் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

எரிபொருளை ஷில்லாங்கிலோ ஜோவாயிலோ முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். ரொக்கமும் அங்கேயே எடுத்துவிடுங்கள். யுபிஐ எல்லா இடத்திலும் இருக்கிறது, சிக்னல்தான் எல்லா இடத்திலும் இல்லை.

முன் அனுமதிச் சீட்டு ஏதாவது வேண்டுமா?

இந்தியர்களுக்கு வேண்டாம். அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம் போல இன்னர் லைன் பெர்மிட் இங்கே நடைமுறையில் இல்லை. வேண்டும் என்ற கோரிக்கை மாநிலத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறது, 2019-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. அதனால் கிளம்பும் முன் ஒரு தடவை செய்தி பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரோ வேறு அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும், டாவ்கி எல்லைப் பகுதியில் கேட்பார்கள்.

எங்கே திரும்பினாலும் டிக்கெட் கேட்கிறார்களாமே? அருவி பார்க்கக் காசு, வண்டி நிறுத்தக் காசு, கேமராவுக்குக் காசு...

ஆமாம், கேட்பார்கள். இந்தக் கேள்வியில் எரிச்சல் தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் காடு என்றால் வனத்துறை, அருவி என்றால் அரசு. மேகாலயாவில் அப்படி இல்லை. பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையின் கீழ் வரும் மாநிலம் இது. நிலம் பெரும்பாலும் குலங்களுக்கும் ஊர்களுக்கும் தனிக் குடும்பங்களுக்கும் சொந்தம். காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்படித்தான். வனத்துறையிடம் இருப்பது ஒரு சிறு பகுதி. ஊரை நடத்துவது 'தோர்பார் ஷ்னோங்' என்ற ஊர்ச்சபை. அருவிக்கு இறங்கும் படிக்கட்டைக் கட்டியது அந்தச் சபையாக இருக்கும், குப்பை பொறுக்குவதும் அவர்கள் ஏற்பாடாக இருக்கும். நுழைவாயிலில் தகர மேசை போட்டு உட்கார்ந்து சீட்டுக் கிழித்துத் தரும் பெண், பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்தான்.

அதாவது நீங்கள் போவது தேசியப் பூங்காவுக்கு அல்ல, அடுத்தடுத்து ஒவ்வொரு ஊரின் கொல்லைப்புறத்துக்கு. இதைப் புரிந்துகொண்டால் பயணமே வேறு மாதிரி ஆகிவிடும். ஐந்து மணிக்கு மூடிவிட்டேன் என்றால் மூடிவிட்டதுதான். இங்கே குளிக்கக் கூடாது என்றால் கூடாதுதான். "ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்" என்று கெஞ்சுவது, தலைக்கு இவ்வளவு என்று பேரம் பேசுவது இதெல்லாம் நம் மானத்தைத்தான் வாங்கும். தொகையும் பெரிதல்ல. சில்லறை மட்டும் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்ப்பாலம் என்பது நிஜமாகவே உயிருள்ள மரமா?

நிஜம்தான். நம் பால்கனியில் தொட்டியில் வளர்க்கிறோமே, தடித்த பளபளப்பான இலையுடைய ரப்பர் செடி, அதே மரம்தான் இது. குமரி மாவட்டத்தில் பால் எடுக்கும் ரப்பர் இல்லை, ஆலமரத்தின் இனம். அதனால் ஆல் போலவே விழுது விடும். இங்குள்ள பழங்குடிகளான காசி, ஜெயின்டியா மக்கள் ஓடைக்கரையில் இதை நட்டு, விழுதுகள் இறங்க இறங்க அவற்றைக் குடைந்த பாக்கு மரத்தண்டுக்குள் விட்டோ மூங்கிலைப் பிடிக்க வைத்தோ எதிர்க்கரைக்கு நடத்திச் செல்கிறார்கள். அக்கரை மண்ணைத் தொட்டதும் வேர் ஊன்றிப் பருக்கும். ஒன்றோடொன்று உரசும் வேர்கள் ஒட்டி ஒன்றாகிவிடும். ஆள் நடக்கும் அளவுக்குப் பாலம் பலப்பட பதினைந்திலிருந்து முப்பது ஆண்டு ஆகும். நடுகிறவர் நடக்க மாட்டார், பிள்ளைகள்தான் நடப்பார்கள். இரும்புப் பாலம் வருஷா வருஷம் துருப்பிடிக்கும் மழையில், இது வருஷா வருஷம் பலமாகிறது. 2022-இல் இந்தியா இதை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது.

புகழ்பெற்ற இரட்டை அடுக்குப் பாலம் நோங்ரியாட் ஊரில் இருக்கிறது. சிரபுஞ்சியிலிருந்து டிர்னா என்ற ஊர் வரை வண்டி. அங்கிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறக்கம். பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சிமெண்ட் படிகள் செங்குத்தாகப் போகும். பிறகு கம்பிவடத் தொங்கு பாலங்கள் வரும். கீழே வீடு அளவுப் பாறைகளுக்கு நடுவில் நீல நிறத்தில் தண்ணீர் ஓடும், பாலம் நடைக்கு நடை ஆடும். ஒருவர் போன பிறகு அடுத்தவர் போனால் ஆட்டம் குறையும். இரட்டைப் பாலத்தில் ஏறிக் கால் வைக்கும்போது கவனியுங்கள்: வேர்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் தட்டைக் கற்களைப் பதித்து மண் இட்டு நிரப்பியிருப்பார்கள். கைப்பிடியும் வேர்தான், அதன் மேல் பாசி படர்ந்திருக்கும், புதிதாக இறங்கும் மெல்லிய விழுதுகளைப் பெரிய வேரோடு சுற்றி விட்டிருப்பார்கள். வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இறங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஏற மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது முழங்காலும் ஏறும்போது மூச்சும் வாங்கும், மறுநாள் கெண்டைக்கால் பேசவே பேசாது. டிர்னாவில் மூங்கில் கம்பு வாடகைக்குக் கிடைக்கும், வெட்கப்படாமல் வாங்குங்கள். ஒரே நாளில் போய் வருவதைவிட நோங்ரியாட்டில் ஏதாவது ஒரு வீட்டு விடுதியில் இரவு தங்குவது நூறு மடங்கு மேல். பகல் கூட்டம் மூன்று மணிக்கு மேலே ஏறிப் போனதும் ஓடையும் பாலமும் உங்களுடையது. மறுநாள் காலை இன்னும் உள்ளே நடந்து ரெயின்போ அருவி வரை போகலாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரை எப்படிப் பாலம் பார்க்க வைப்பது?

நோங்ரியாட் வேண்டாம். மாவ்லின்னாங் பக்கத்தில் ரிவாய் ஊரில் ஒற்றை அடுக்கு வேர்ப்பாலம் இருக்கிறது. சிறிது தூரம் படி இறங்கினால் போதும், மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து போய் வந்துவிடலாம். கூட்டம் இருக்கும். காலை எட்டு மணிக்குள் போனால் அதுவும் இருக்காது.

சிரபுஞ்சியில் அவ்வளவு மழை ஏன்? இன்னும் அதுதான் உலகிலேயே அதிக மழை பெய்யும் ஊரா?

வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று வங்கதேசத்தின் தட்டையான சமவெளி மீது தடையே இல்லாமல் வருகிறது. அதன் முன்னால் முதல் சுவராகக் காசி மலை திடீரென்று ஆயிரத்து முந்நூறு மீட்டர் எழும்பி நிற்கிறது. தெற்கு நோக்கித் திறந்த பள்ளத்தாக்குகள் புனல் போலக் காற்றைக் குவித்து மேலே தள்ள, குளிர்ந்து கொட்டிவிடுகிறது. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை இங்கே பெய்த 26,461 மில்லிமீட்டர்தான் பன்னிரண்டு மாத மழைக்கு இன்றும் உலகச் சாதனை. சென்னையின் ஓராண்டுச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சராசரியில் மட்டும் பக்கத்து மலை முதுகில் உள்ள மாவ்சின்ராம், 11,870 மில்லிமீட்டர் அளவோடு, சிரபுஞ்சியைக் கொஞ்சம் முந்திவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் ஜனவரியில் போனால் இதே ஊரில் பெண்கள் குடத்தோடு ஊற்றுக்கு நடப்பதைப் பார்ப்பீர்கள். மண் மெல்லியது, கீழே சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை நிற்காமல் வங்கதேசத்துக்கு ஓடிவிடுகிறது. அந்தச் சுண்ணாம்புப் பாறைதான் மேகாலயா முழுக்கக் குகைகளாகத் துளைத்துக் கிடக்கிறது. மாவ்ஸ்மாய் குகையில் விளக்குப் போட்டிருக்கிறார்கள், குடும்பத்தோடு போகலாம். நடுவில் ஓரிடத்தில் உடம்பைச் சுருக்கி நுழைய வேண்டும். அருகிலுள்ள மாவ்ம்லு குகையின் கசிவுப் பாறை ஒன்றில் பதிந்த பழைய வறட்சியின் தடயத்தை வைத்துத்தான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்று வரை நீளும் புவியியல் காலகட்டத்துக்கு 2018-இல் 'மேகாலயன்' என்று பெயர் வைத்தார்கள். நாம் வாழும் காலத்துக்கே இந்த மாநிலத்தின் பெயர்தான்.

அருவிகளில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால் நோகலிகாய். 340 மீட்டர் ஒரே பாய்ச்சலாக விழுகிறது. மூடுபனி மறைத்தால் உடனே திரும்பாதீர்கள். ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் திரை விலகி மறுபடி மூடும்.

மாவ்ஃப்லாங் காட்டில் ஓர் இலைகூட எடுக்கக் கூடாதாமே?

கூடாது. காய்ந்த சுள்ளி, கூழாங்கல் கூடத்தான். ஷில்லாங்கிலிருந்து 25 கிலோமீட்டரில் ஏறக்குறைய 78 ஹெக்டேர் பரப்பில் உள்ள கோயில்காடு இது. நம் ஊர்க் கோயில்காடுகள் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. புல்வெளியில் நடந்துபோய் மரங்களுக்குள் கால் வைத்ததும் வெளிச்சமும் சூடும் சட்டென்று குறையும். மரத்தண்டுகள் முழுக்கப் பாசியும் ஆர்க்கிட்டும். உள்ளூர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட அனுப்புவார்கள், அவர் இல்லாமல் போக முடியாது. பழைய வழிபாட்டுக் கற்கள் இருக்கும் இடம் வரை போகும் நீண்ட சுற்றையே எடுங்கள். அரைமணி நேரச் சுற்றில் விஷயம் ஒன்றுமில்லை. மழைக்காலமென்றால் அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துப் போங்கள்.

டாவ்கியில் படகு காற்றில் மிதப்பது போன்ற படங்கள் நிஜமா?

நிஜம், ஆனால் நேரம் பார்த்து எடுத்தவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, உம்ங்கோட் ஆற்றின் அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரியும், அதன் மேல் படகின் நிழல் விழும். துடுப்புப் படகுகள்தான், மோட்டார் இல்லை. 1932-இல் ஆங்கிலேயர் கட்டிய தொங்கு பாலத்துக்குக் கீழே கிளம்பி மேல்நோக்கிப் போய்த் திரும்புவார்கள். பாலத்தை ஒட்டிய படகுத்துறையில் விடுமுறை நாளில் திருவிழாக் கூட்டம். அதனால் சில கிலோமீட்டர் மேலே ஷ்னோங்டெங்கில் தங்கி அங்கேயே படகு எடுங்கள். ஆறு அதே ஆறுதான், சத்தம் மட்டும் குறைவு.

கீழே ஆறு வளையும் இடத்தில் எல்லை. வேலி எதுவும் கண்ணில் படாது. ஒரே மணல்திட்டில் இந்தப் பக்கம் நம் ஆட்கள், அந்தப் பக்கம் வங்கதேசத்துச் சுற்றுலாக் கூட்டம், நடுவில் விசிலோடு எல்லைப் பாதுகாப்புப் படை வீரர். இங்கே செல்போன் அந்த நாட்டு அலையைப் பிடித்துக் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளிவிடும். தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை எல்லாரையும் வீணாக எழுப்புவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடியிருக்குமா?

பெரும்பாலும். ஊர் முழுக்கத் தேவாலயத்தில் இருக்கும். சில ஊர்களில் சுற்றுலா இடங்களையே மூடிவிடுவார்கள். ஞாயிறு என்றால் நீண்ட வண்டிப் பயணத்தையோ சும்மா இருப்பதையோ வைத்துக்கொண்டு, சனிக்கிழமையே ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

சோறுதான் அவர்களுக்கும் பிரதானம், அதனால் நமக்குப் பாதிக் கவலை இல்லை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு சாலையோர 'ஜாதோ' கடைகள் விருந்து. பன்றிக்கறிச் சாற்றில், சில இடங்களில் ரத்தமும் சேர்த்து வேகவைத்த சோறு அது. கூடவே கறுப்பு எள் அரைத்து விட்ட பன்றிக்கறி, நொதிக்க வைத்த சோயாவில் செய்த துங்ரிம்பாய். துங்ரிம்பாயின் மணம் கருவாட்டுக்குப் பழகிய மூக்குக்குப் பிரச்சினை இல்லை. காலையில் கடும் சிவப்புத் தேநீரோடு 'புதாரோ' கேளுங்கள்: அரிசி மாவில் சுட்ட வெள்ளை ரொட்டி, ஆப்பத்தின் நடுப்பகுதியை மட்டும் தனியாக எடுத்து வைத்தது போல இருக்கும்.

சைவம் ஷில்லாங்கில் நன்றாகவே கிடைக்கும், சிரபுஞ்சியில் சுமாராக, மற்ற இடங்களில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை சாப்பிட்டால் முட்டை. மஞ்சள் சோறு மட்டும் தானே என்று நம்பி வாங்காதீர்கள், எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் பையில் இருந்தால் மொத்தக் குடும்பமும் உங்களை வாழ்த்தும்.

மொழி, பழக்கவழக்கம்?

ஷில்லாங்கிலும் சுற்றுலா ஊர்களிலும் ஆங்கிலம் செல்லும், ஹிந்தியும் ஓரளவு. கடைக்கார அம்மாவை 'காங்' என்று கூப்பிடுங்கள், நம் 'அக்கா' போல. ஆண்களுக்கு 'பா'. நன்றி சொல்லவும் வணக்கம் சொல்லவும் 'குப்லே'. கடைகளில், சந்தையில், வீட்டு விடுதியில் முடிவெடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான். காசி குடும்பங்களில் பிள்ளைகள் தாயின் குலப்பெயரைத்தான் தாங்குகிறார்கள், பூர்வீக வீடு கடைசி மகளுக்குப் போகிறது. வீட்டுக்குப் போனால் வெற்றிலை, சுண்ணாம்போடு பச்சைப் பாக்கு நீட்டுவார்கள். நம் ஊர்ப் பாக்கு என்று எண்ணி ஒரே வாயில் போடாதீர்கள். ஊறிய பாக்கு, பழக்கமில்லாதவர்களுக்கு உச்சந்தலை வியர்த்துத் தலை சுற்றும். சின்னத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

போகும் வழியில் கறுப்பாகவும் ஆரஞ்சாகவும் ஓடைகள் தெரிந்தன என்று ஒருவர் சொன்னார். அது என்ன?

நிலக்கரி. ஜெயின்டியா மலைகளில் எலி வளை போன்ற குறுகிய துளைகளுக்குள் ஆள் தவழ்ந்துபோய் வெட்டும் சுரங்கங்கள் பல்லாயிரம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை விதித்தது. தடைக்குப் பிறகும், 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் வெள்ளம் புகுந்த சுரங்கத்தில் பதினைந்து பேர் சிக்கிக்கொண்டார்கள். கைவிடப்பட்ட துளைகளிலிருந்து கசியும் அமிலநீர் பாறையையும் ஓடையையும் துரு நிறமாக்குகிறது. மீன் இல்லாத ஆறுகள் அந்தப் பக்கம் உண்டு. கிராங் சூரியின் நீலக் குளத்தில் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு குளித்துவிட்டு ஜோவாய் சாலைக்கு வந்தால் இதையும் பார்ப்பீர்கள். நிலம் ஊருக்கே சொந்தம் என்ற அதே ஏற்பாடுதான் ஓரிடத்தில் காட்டைக் காத்தது, இன்னோர் இடத்தில் குடும்பம் குடும்பமாகத் தோண்டவும் விட்டது. முன்னதை மட்டும் புகழ்ந்து எழுதும் பயணக் கட்டுரைகள் எனக்குச் சற்று அலுப்பு.

காரோ மலைகளையும் இதே பயணத்தில் சேர்க்கலாமா?

வேண்டாம். மாநிலத்தின் மேற்குப் பகுதி அது. துரா நகரம் கவுகாத்தியிலிருந்தே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஹூலக் கிப்பன் குரங்குகள் வாழும், காட்டு ஆரஞ்சு இனத்துக்காகவே பாதுகாக்கப்படும் நோக்ரெக், வௌவால் நிறைந்த சீஜு குகை, பல்பக்ரம் பள்ளத்தாக்கு என்று தனியாக ஒரு வாரம் கேட்கும். தங்குமிடங்கள் குறைவு, கொசு அதிகம். மலேரியா பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு அல்ல.

வாங்கி வர என்ன இருக்கிறது?

லக்கடாங் மஞ்சள். ஜெயின்டியா மலையில் விளைவது, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அளவு ஏழு சதவீதத்துக்கு மேல். வழக்கமான ரகங்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈரோட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், குழம்பில் பாதி அளவு போட்டால் போதும். ஜோவாய் சந்தையில் தூளாக வாங்காமல் காய்ந்த துண்டுகளாக வாங்குங்கள், கலப்படப் பயம் இல்லை. சிரபுஞ்சிச் சாலையோரம் பிரிஞ்சி இலையும் பட்டையும் கட்டுக் கட்டாக விற்பார்கள், அங்கேயே விளைந்தவை. குளிர்காலத்தில் காசி ஆரஞ்சு. தேனும் மிளகாய் ஊறுகாயும் வாங்கினால் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள்.